எந்த மாசத்து வருமானம்?

ஜூன் 17, 2025, செவ்வாய்

ஜரிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகத் தறிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. இன்றைக்கு வக்கீல் நேமிசந்திரன் சொன்னார்: "ஜெயவேலு, தினமும் இன்னா வருது, இன்னா போவுதுன்னு ஒரு நோட்டுல எழுதிகினே வாங்க. நீங்க வாயால சொல்றத கோர்ட்டு எடுத்துக்காது." அதற்காகத்தான் தூசி தட்டினேன்.

விஷயம் இதுதான். மார்ச்சில் என் மனைவி அமலா, எங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு முள்ளிப்பட்டில் இருக்கிற தன் தம்பி அன்பரசு வீட்டுக்குப் போய்விட்டாள். ஏப்ரலில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ். தனக்கு ஒன்றும் வேண்டாமாம். ரேணுகாவின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் நான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று மனு. கட்டுகிறேன், யார் மாட்டேன் என்றது? என் பெண். ஆனால் எவ்வளவு என்று முடிவு செய்ய முதலில் என் வருமானம் தெரிய வேண்டுமாம். வக்கீல் ஒரு கத்தை பாரம் கொடுத்தார். சொத்து, கடன், வண்டி, நகை, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக. அதில் ஒரு கட்டம், 'மாத வருமானம்'.

"எந்த மாசத்து வருமானம் சார்?" என்று கேட்டேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "எல்லா மாசமும்தான்யா" என்றார்.

எல்லா மாதமும் ஒன்றாக வந்தால் நான் எதற்குத் தறி வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன்? எங்காவது ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க மாட்டேனா?

ஜூன் 18

வரவு: இல்லை.
செலவு: டீ இரண்டு, பெட்ரோல் நூறு. முள்ளிப்பட்டு வேடியப்பனுக்கு முன்பணம் ஐந்தாயிரம்.

முன்பணம் செலவா? அவன் சேலை நெய்து கொடுத்தால் கழிந்துவிடும். அப்படியானால் செலவு இல்லை. கொடுக்கவில்லை என்றால்? எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுவில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

வருமானத்துக்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல். பீரோவைக் குடைந்தேன். கிடைத்தது.

ஒன்று, பொண்ணு பார்க்கப் போனபோது அமலாவின் அப்பாவிடம் என் மாமா எழுதிக் கொடுத்த தாளின் நகல். 'மாப்பிள்ளை சொந்தத் தொழில், மாதம் முப்பதாயிரம்.' அன்றைக்கு எனக்கு எட்டாயிரம் வந்தால் பெரிது. மாமா மூன்றால் பெருக்கி, மொய் மாதிரி மேலே கொஞ்சம் போட்டுவிட்டார்.

இரண்டு, ரேணுவின் ஸ்காலர்ஷிப்புக்காக வாங்கின வருமானச் சான்றிதழ். ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம். அதாவது மாதம் ஆறாயிரம். இதில் மூன்று பேர் சாப்பிட்டு, வண்டிக்கும் பெட்ரோல் போட்டிருக்கிறோம். சாமர்த்தியம்தான்.

மூன்று, இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கின தொழில் கடன் பாரம். மாத வருமானம் நாற்பதாயிரம். பாரம் எழுதிக் கொடுத்த தம்பி, "நாப்பதுன்னு போட்டாதாண்ணா பாஸ் ஆவும்" என்றான். சரி போடுப்பா என்றேன்.

மூன்றிலும் என் பெயர். இதைத் தவிர யாராவது நேரில் கேட்டால் சொல்கிற நாலாவது ஒன்று இருக்கிறது: "ஏதோ ஓடுது."

பொய் சொல்கிறேன் என்று அந்தந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவங்கவங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னேன். இப்போது கோர்ட்டுக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடலாம். பிரச்சினை, கோர்ட்டுக்கு நிஜம் வேண்டுமாம். அது என்னிடம் இருக்கிறதா?

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ரேணு என்னிடம். அன்பரசு பஸ் ஏற்றிவிட்டான், நான் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொண்டேன். ஆறாவது படிக்கிற பெண், தானாகவே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்திருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லாமல் படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள். ரேணுகாம்பாள் பெயரைத்தான் வைத்தோம்.

ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள், "அப்பா, நாம ஏழைங்களா, வசதிங்களா?"

"ஏன்மா?"

"அம்மா, உங்கப்பாவுக்கு இன்னா கொறச்சல்னு சொல்லுது. மாமா, உங்கப்பன் கோர்ட்டுல ஏழைன்னு சொல்லப்போறான் பாருன்னு சொல்றாரு. ஸ்கூல்ல யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நடுவுலன்னு சொல்லு."

"நடுவுலன்னா எங்க?"

பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் குருமா ஊற்றச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

ஜூன் 27

இன்றைக்கு ஒரு கடைக்கு ஐந்து சேலை போட்டேன். இரண்டு எடுத்துக்கொண்டார்கள், பணம் ஆவணி முகூர்த்தம் முடிந்து. இரண்டை 'வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்' என்றார்கள். ஒன்றைக் கலர் சரியில்லை என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைய வரவு என்ன? இரண்டு சேலையா, நாலு சேலையா, ஒன்றும் இல்லையா? இதே கடையில் போன தையில் போட்டதற்கு இன்று எட்டாயிரம் கொடுத்தார்கள். அது ஜூன் மாத வருமானமா, தை மாத வருமானமா? தலை சுற்றுகிறது. நெய்கிறவனுக்கு இந்தக் கட்டம் போட்டவர்கள் ஒரு நாள் பட்டு வியாபாரம் செய்து பார்க்கட்டும்.

ஜூலை 2, புதன்

வேடியப்பன் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழையை ஏற்றிவிட்டு வந்து மூன்று வருஷத்து நோட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாதத்தை விட்டுவிட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி பார்த்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் வருஷம் அதுதானே. எத்தனை சேலை வெளியே போனது, பட்டு நூல், ஜரிகை, நெய்தவர்களுக்குக் கூலி, கடைக்காரர் கழித்தது, வராமலே போனது, எல்லாம் போட்டேன். மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் வேறு வேறு. நாலாவது தடவை வந்ததை வைத்துக்கொண்டேன்.

வருஷத்துக்கு இரண்டு லட்சத்து ஐம்பத்து நாலாயிரம். மாதம் இருபத்தோராயிரம்.

நாற்பத்தொரு வயசில் முதல் தடவை தெரிகிறது. முள்ளிப்பட்டில் மூன்று வீட்டுத் தறிக்கு வேலை கொடுக்கிறேன், வீட்டில் ஒரு தறி நானே நெய்கிறேன், தெருவில் போனால் "முதலாளி" என்கிறார்கள். முதலாளியின் சம்பளம் இருபத்தோராயிரம்!

கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. பிறகு, பரவாயில்லை, ஆறாயிரத்துக்கு மேலதான் என்று இருந்தது. எதற்குக் கோபம், எதற்கு ஆறுதல், ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வக்கீலிடம் இருபத்தோராயிரத்தைச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடுதான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்டியே எழுதிக் குடுத்தா பொண்ணுக்கு ஏழாயிரம் எட்டாயிரம்னு கேப்பாங்க. குடுக்க முடியுமா?"

"கஷ்டம் சார். லோன் டியூ வேற கட்டறேன்."

"அப்ப யோசிங்க. போன வருஷம் இருபத்தோராயிரம் வந்துச்சு, சரி. இந்த மார்ச்சுக்கப்புறமும் அதே வருதா? செலவு எதுனா கூடியிருக்குதா?"

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. கூடியிருக்கிறதே! அமலா போனதிலிருந்து கண்ணகி அக்காவைத் தார் சுற்ற வைத்திருக்கிறேன். குறுக்கே போகிற ஊடைப் பட்டு நூலை ராட்டையில் வைத்துச் சின்னக் குச்சியில் சுற்றினால் அதுதான் தார்; அதை இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் போட்டால்தான் தறி ஓடும். நாலு தறிக்கும் சுற்ற வேண்டும். மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு வாங்குகிறாள். பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பழையதோடு இழை இழையாகப் பிணைக்கத் துணைக்கு ஒரு கை வேண்டும், அதற்கு ஆயிரத்து இருநூறு. சேலையை மடித்து முந்தானை நூலை முடிச்சுப் போட ஆயிரத்து எண்ணூறு.

"எட்டாயிரத்து ஐந்நூறு சார்! மாசாமாசம்!"

"பாத்தீங்களா" என்றார் நேமிசந்திரன். நல்ல மனுஷர், எதையும் நிதானமாகச் செய்வார், ஜைனர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் ஐந்தரைக்கே டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். ஒரு பூரியை எடுத்துக்கொண்டே, "இதெல்லாம் தனியா ஒரு பட்டியலா உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உண்மைச் செலவு, யாரும் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார்.

இருபத்தொன்றில் எட்டரை போனால் பன்னிரண்டரை. பெண்ணுக்கு மாதம் மூவாயிரம் தருகிறேன் என்று எழுதினோம். திரும்பி வரும்போது வண்டி இலேசாக ஓடியது.

ஜூலை 8

பிரமாணப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பதினாறு கையெழுத்து. பட்டியல் கடைசியில் இணைப்பு.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஒரு கடையிலும் ஒரு சேலை கேட்கவில்லை. ரேணு வரவில்லை, வயிற்றுவலி என்று அன்பரசு போன். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வயிற்றுவலி உள்ள பெண் சிரிக்குமா? பேஜாராகிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வரவு இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு வாய்தா. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்க்கலாம்.

பத்தரைக்குப் போய், ஒன்றே முக்காலுக்குத்தான் பெயரைக் கூப்பிட்டார்கள். அமலா அந்தப் பக்கம் சுவரோரமாக நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

அவளுடைய வக்கீலம்மா முதலில் அந்த நாற்பதாயிரம் லோன் பாரத்தை நீட்டினார். ஜாமீன் கையெழுத்துப் போட்டதே அமலாதான், நகல் அவளிடம் இல்லாமல் இருக்குமா? "ரெண்டு வருஷத்துக்கு முன்ன நாப்பதாயிரம், இப்ப பன்னெண்டாயிரத்து ஐந்நூறு" என்றார். நேமிசந்திரன் எழுந்து, நூல் விலை, ஆடி மாதம், எல்லாம் சொல்லிவிட்டு, "மனுதாரர் பிரிந்து போனதால மட்டும் என் கட்சிக்காரருக்கு மாசம் எட்டாயிரத்து ஐந்நூறு கூலிச் செலவு கூடியிருக்கு, அவரே பட்டியல் குடுத்திருக்கார்" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன்.

ஜட்ஜம்மா பட்டியலை எடுத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஜெயவேலு நீங்கதானா? முன்னாடி வாங்க. இது நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க மேடம்."

"தார் சுத்தறது, பாவு பிணைக்கறது, சேலை மடிச்சு முந்தானை முடியறது. இந்த வேலையெல்லாம் மார்ச்சுக்கு முன்னாடி யார் செஞ்சாங்க?"

"வீட்டுல, மேடம்."

"வீட்டுலன்னா?"

"அவங்கதான் மேடம். அமலா."

"மூணு வேலையுமா?"

"ஆமாங்க."

"அவங்களுக்கு மாசம் எவ்வளவு குடுத்தீங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "குடுக்கறதுன்னா... வீட்டாளுங்க மேடம். அவங்களுக்கு எதுக்கு? சாப்பாடு, துணிமணி எல்லாம் நாமதான..."

"சாப்பாட்டை யார் ஆக்கினாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா தலையைத் தூக்கியதும் நின்றது. நான் நேமிசந்திரனைப் பார்த்தேன். அவர் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வக்கீலம்மாவுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. தன்னிடம் இருந்த என் பட்டியலின் நகலில் ஏதோ குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அமலா என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜட்ஜம்மா கையிலிருந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாய்தா செப்டம்பர் 9.

ஆகஸ்ட் 13

வக்கீல் மேல் கோபம். எழுதச் சொன்னது அவர்தானே? போன் போட்டுக் கத்தினேன். "நான் கேட்டது செலவு கூடியிருக்கான்னு. உண்மையத்தான எழுதுனீங்க?" என்றார். உண்மைதான். அதுதானே எரிச்சல்.

வீட்டு வேலையை வேலை என்று யார் எழுதுகிறார்கள்? என் அம்மா சுற்றவில்லையா? இந்தத் தெருவில் எந்தப் பெண்பிள்ளை சுற்றாமல் இருக்கிறாள்? எந்தப் புருஷன் கூலி கொடுக்கிறான்? என்னை மட்டும் நிற்க வைத்துக் கேட்டால்?

கண்ணகி அக்கா ராட்டையைச் சுற்றிக்கொண்டே, "இன்னா தம்பி, கோர்ட்டுல இன்னா ஆச்சி?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். இவளுக்கு இரண்டு நாள் கூலி தாமதமானால் மூன்றாம் நாள் ராட்டை பக்கம் வர மாட்டாள். அது நியாயம் என்று கொடுத்துவிடுகிறேன். ஒரு நாள்கூட இவளோடு சண்டை போட்டதில்லை.

ஆகஸ்ட் 14

கூட்டக் கூடாது என்று இருந்தேன். கூட்டிவிட்டேன். எட்டாயிரத்து ஐந்நூறு, பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு வருஷம். அப்போதெல்லாம் கூலி குறைவு, பாதிதான் என்று போட்டாலும் ஆறு லட்சத்துக்கு மேலே வருகிறது.

அப்படியென்றால் இருபத்தோராயிரம் யாருடைய வருமானம்? என்னுடையது எவ்வளவு? அந்தக் கட்டத்தில் என் பெயர் மட்டும்தானே இருந்தது?

கணக்கு தப்பாக இருக்க வேண்டும். எங்கே தப்பு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து ஒன்றை மட்டும் இதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். அமலா ஏன் போனாள் என்று.

அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு மாதமாகக் கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வேர் சிகிச்சைக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து சேலை திரும்பி வந்த நாள் அன்று. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேட்டாள். நான் சொன்னேன், "சம்பாதிக்கறவனுக்குத்தான்டி தெரியும் பணத்தோட அரும. ஒக்காந்து தின்னுகினு இருக்கறவளுக்கு இன்னா தெரியும்?"

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ராட்டைக்கு முன்னால். தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கையில் இருந்த தாரை முழுசாகச் சுற்றி முடித்துக் கூடையில் போட்டாள். எழுந்து போய் ரேணுவின் ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டாள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று நான் தறியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் சுற்றிப் போட்ட தாரை நாடாவில் போட்டு நெய்தேன்.

பாவி. எழுதும்போதுதான் எனக்கே கேட்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரேணு வந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்து கடைசியில் கேட்டுவிட்டேன், "அம்மாவுக்குப் பல்லு எப்டி இருக்குது?"

"புடுங்கிட்டாங்களே! எப்பவோ! ஏப்ரல்லயே." ஆச்சரியமாகப் பார்த்தாள். "அம்மா இப்ப வேலைக்குப் போவுதுப்பா. போவுதுன்னா, வீட்டுலயே. நாலு பேருக்குத் தார் சுத்துது. வார வாரம் காசு வருது. எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் குடுத்துச்சு."

"நல்ல பாக்ஸா?"

"ம். இரும்பு டப்பா."

பஸ் ஏற்றிவிடும்போது ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். "எதுக்குப்பா?" என்றாள். சும்மா வை என்றேன். இந்த ஐந்நூறை எந்தத் தலைப்பில் எழுதுவது?

செப்டம்பர் 9, செவ்வாய்

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. ரேணுவுக்கு மாதம் ஆறாயிரம். ஏப்ரலிலிருந்து உள்ள பாக்கியைத் தவணையாகக் கட்டிக்கொள்ளலாம்.

நாற்பதாயிரத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை, பன்னிரண்டாயிரத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'எதிர்மனுதாரரின் மாத வருமானம் உத்தேசமாக ரூபாய் இருபதாயிரம் எனக் கொள்ளப்படுகிறது.' உத்தேசமாக! கடைசியில் கோர்ட்டும் உத்தேசம்தான் போடுகிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் மூன்று வருஷத்து நோட்டைப் பிரிக்கிறேன்?

வெளியே வந்ததும் நேமிசந்திரன், "மேல் கோர்ட்டுல ரிவிஷன் போடலாம். நாலாயிரமா கொறைக்கலாம்" என்றார்.

"வேணாம் சார்."

"ஏன்?"

"இருபத்தோராயிரம்னு எனக்குத் தெரியும் சார். அவங்க இருபதுன்னுதான போட்டிருக்காங்க? ஆயிரம் எனக்கு லாபம்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் காரணமா என்று கேட்டால் அதுவும் இல்லை. இன்னொரு தடவை அந்தப் பட்டியலை யாராவது சத்தமாகப் படித்தால் என்னால் நிற்க முடியாது.

கோர்ட்டு வாசலில் அமலா என்னைத் தாண்டிப் போனாள். எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாள். வக்கீலுக்கு ஏதாவது நகல் வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 12

ஆறாயிரம் கட்டியாகிவிட்டது. பாக்கிக்கு இரண்டாயிரம். கட்டிய சீட்டை டைரியில் ஒட்டிவிட்டேன். லோன் டியூவுக்கு ஜரிகைக் கடையில் கை நீட்ட வேண்டியிருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்குப் பதினான்கு நாள். இரண்டு கடைக்குப் பன்னிரண்டு சேலை சொல்லியிருக்கிறார்கள், ரொக்கத்துக்கு. இந்த வருஷத்தில் நல்ல நேரம் இதுதான். இன்று காலையில் கண்ணகி அக்கா, தேசூரில் இருக்கிற மகளுக்குப் பிரசவ வலி என்று புறப்பட்டுப் போய்விட்டாள். "ஒரு மாசமாவது ஆவும் தம்பி, கோச்சிக்காத." பிரசவத்தைக் கோபித்துக்கொண்டு என்ன செய்வது?

நானே சுற்றிப் பார்த்தேன். இழை அறுந்து அறுந்து, முடிச்சு முடிச்சாக. நாலு தார் சுற்றுவதற்குள் முதுகு போய்விட்டது. இதைத்தான் உட்கார்ந்து தின்பது என்று சொன்னேனா?

அக்டோபர் 7

ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன். தீபாவளி நேரத்தில் எந்தக் கையும் காலியாக இல்லை. கேட்ட இடமெல்லாம் ஒரே பேச்சு: "முள்ளிப்பட்டுல அமலான்னு ஒண்ணு சுத்துது. இழ அறாது, சொன்ன நாளுக்குக் குடுத்துடும். அதப் போய்க் கேளேன்." யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னவர்கள் பாதி. தெரிந்தே சொன்னவர்கள் பாதி.

வேடியப்பன் மட்டும் முகத்துக்கு நேராகவே சொன்னான். "ஜல்தியா போ முதலாளி. தறி நின்னுகினு கெடக்குது. ரோஷத்த நாடாவுல போட்டு நெய்ய முடியுமா?"

அக்டோபர் 8, புதன்

போனேன்.

வாசலில் அன்பரசு. "இன்னா மாமா, பணம்தான் கட்டிட்டீங்களே?"

"தொழில் விஷயமா வந்தேம்பா."

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வழி விட்டான். அமலா ராட்டைக்கு முன்னால் இருந்தாள். யாருடைய பட்டோ, மாம்பழ மஞ்சள். என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை.

"தார் சுத்தணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். பன்னிரண்டு சேலைக்கு ஊடை. கண்ணகி அக்கா ஊருக்குப் போயிட்டாங்க."

அந்தத் தாரை முடித்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். மார்ச்சிலும் இப்படித்தான் எழுந்தாள். ஆனால் திரும்பி வந்தாள். கையில் ஒரு அட்டை மாதிரி இருந்தது.

என் பட்டியல். கோர்ட்டில் கொடுத்த செலவுப் பட்டியலின் நகல். என் கையெழுத்து, கோர்ட்டு முத்திரை எல்லாம் அப்படியே. லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"நான் செஞ்ச வேலைய எழுதியிருக்கற காயிதம் இது ஒண்ணுதான் இருக்குது. வெச்சிருக்கேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். அட்டையைத் தரையில் வைத்து விரலால் காட்டினாள். "தார் சுத்த மாசம் அஞ்சாயிரத்து ஐந்நூறுன்னு நீங்களே சத்தியம் பண்ணியிருக்கீங்க. அதான் ரேட்டு. வாரா வாரம் பிரிச்சு சனிக்கெழம கையில குடுத்துடணும். பொண்ணுக்குக் கட்டறது வேற, இது வேற."

"சரி."

"முந்தான முடியணும்னா அது தனி. அதுவும் இதுல இருக்குது, ஆயிரத்து எண்ணூறு."

"அதுவும் நீயே முடிஞ்சிடு."

பையிலிருந்து பட்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாயம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எப்போதும் பார்ப்பாள். தராசில் போட்டு நிறுத்து, எடையை ஒரு நோட்டில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். வேலை முடிந்துவிட்டது, எழுந்திருக்க வேண்டும். எழ முடியவில்லை.

"வீட்டுல ராட்டை அப்டியேதான் இருக்குது அமலா" என்றேன். "பட்ட இவ்ளோ தூரம் தூக்கிகினு வரதுக்கு... நீ அங்கியே வந்து சுத்தினா..."

அவள் பட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அட்டையை எடுத்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி, விரலால் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்பக்கம் திருப்பினாள். அங்கே வெள்ளையாக இருந்தது.

"அங்க வர்றதுக்கு நீங்க இதுல ஒண்ணும் எழுதலீங்களே" என்றாள்.

அதற்கு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தெரியாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை கூலி கொடுக்கப் போக வேண்டும்.